கன்று நடாத ஓர் ஆண்டு: செயலாளர் அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கூட்டங்கள் முறைப்படி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். களப்பணியை மட்டும் நான் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஊரணிக் கரையில் நட்ட கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. தண்ணீர் ஊற்றவில்லை என்று இதே கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். பட்ட கன்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பைக்குள் சுருண்ட வேர், மண்ணுக்குள் போன பிறகும் சும்மாடு போலச் சுற்றியபடியே கிடந்தது. செம்புரான் என்னும் சிவந்த கல்லின் இடுக்கில் இறங்க வேண்டிய வேர் அது. நடும்போது அதைப் பிரித்துவிட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஆகவே இவ்வாண்டு நடவில்லை, எண்ணினோம். கோயில்காட்டில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் முளையடித்துக் கயிறு கட்டி, உள்ளே நின்ற செடிகொடிகளைப் பெயரோடு குறித்தோம். மரங்களுக்கு 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்தோம். கல்லூரி மாணவர்கள் செல்பேசியில் தேடித் திணறிய ஒரு மரத்தை, விளக்குப் போட வந்த ஆச்சி ஏறிட்டுப் பார்த்த உடனே, “இது வீரை, தம்பி. இதன் சிவப்புப் பழத்தை மடியில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம்” என்றார். மறுவாரம் முதல் ஆச்சிக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டோம்.

கொண்டைக்குருவிகள் அடையும் கிளைகளுக்கு நேர் கீழே, யாரும் நடாமலே காரைக் கன்றுகள் நின்றன. பழம் தின்ற பறவை போட்ட விதை. ஆனால் முழங்காலுக்கு மேல் ஒன்றுகூட எழும்பவில்லை. நுனியெல்லாம் ஆடு கடித்தது. அதே ஆட்டின் புழுக்கை கிடந்த இடத்தில் சீமைக் கருவேலம் முளைத்திருந்தது. காயோடு உள்ளே போகும் விதை, ஆட்டின் வயிற்றைத் தாண்டியும் முளைக்கும். ஆட்டுக்காரர்களைக் குறை சொல்லவில்லை. மேய்ச்சலுக்கு நாம் வேறு எந்த இடத்தை விட்டுவைத்தோம்?

தண்ணீர் வரும் வரத்துக்காலில் அறுத்த சீமைக் கருவேலம் ஐப்பசி மழையில் மறுபடி துளிர்த்தது. பிறகு தூரோடு தோண்டினோம்.

மார்கழியில் வேட்டங்குடி போனோம். 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத அந்த ஊர்க்காரர்கள், நத்தைகுத்தி நாரைகளைக் கண்டு கூவிய நம்மவர் ஒருவரை வாயைப் பொத்தச் சொன்னார்கள். அவர் யார் என்பதைப் பொருளாளரே சொல்லட்டும்.

அடுத்த ஆண்டு கன்று வாங்க ஒதுக்கிய தொகையை, தோண்டிய கருவேல முள்ளைக் கொண்டு காரைக் கன்றுகளுக்கு வேலி அடைக்கும் கூலியாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆடு போய்வர மேற்குப் பக்கம் தடம் விடலாம் என்று ஆட்டுக்காரர்களிடம் பேசியிருக்கிறேன். இன்னும் சம்மதம் வரவில்லை.