மூளைநல மாத்திரை: அளவும் செலவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நினைவாற்றலைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, அவற்றில் சேரும் மூலிகைகளையும் வைட்டமின்களையும் விரிவாக எடுத்துரைத்தது. ஆனால் எந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது, எத்தனை மில்லிகிராம் கொடுத்துச் சோதித்தார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்தக் குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

இவற்றில் பரவலாகச் சேர்க்கப்படும் ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரைக் கொண்டு நடந்து, 2008-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு இருவேளையும் 120 மில்லிகிராம் வீதம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஜிங்கோ கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. இரு பிரிவிலும் மறதிநோய் வந்தவர்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிரான்சில் ஐந்து ஆண்டுகள் நடந்து 2012-இல் வெளியான ஆய்விலும் ஜிங்கோ மறதிநோயைத் தடுக்கவில்லை.

நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் கொடுத்தே பலன் கிட்டாத பொருளை, 40 மில்லிகிராம் மட்டும் வைத்து, 60 மாத்திரை கொண்ட புட்டியாக ஒருவர் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒன்று என்று உறையில் போட்டிருந்தால் புட்டி இரண்டு மாதம் வரும், விலையும் தாங்கக்கூடியதாகத் தோன்றும். ஆய்வில் கொடுத்த அளவை எட்ட வேண்டுமானால் தினம் ஆறு மாத்திரை வேண்டும். புட்டி பத்தே நாளில் தீர்ந்து, செலவு ஆறு மடங்காகும். பல பொருள்களைத் ‘தனிக் கலவை’ என்று ஒன்றாகச் சேர்த்து மொத்த எடையை மட்டும் அச்சிடும் உறைகளில் இந்தக் கணக்கைப் போடவும் வழியில்லை. அப்படிப்பட்டதை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

வைட்டமின்களின் கதை சற்று வேறு. பி12 குறைந்தால் மறதியும் குழப்பமும் வரலாம்; நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மருந்தை நெடுநாள் உட்கொள்வோர், இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் உண்ணாதோர், முதியோர் ஆகியோருக்கு அந்தக் குறை எளிதில் வருகிறது. இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். காலத்தோடு கண்டறிந்தால் சாதாரண பி12 மாத்திரையோ ஊசியோ போதும். குறையில்லாத பெரியவருக்கு நாள்தேவை 2.4 மைக்ரோகிராம்தான் என்பதால், அதற்கு மேல் கொட்டுவதால் நினைவாற்றல் பெருகும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: 60 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், தினசரிப் பல்வைட்டமின் மாத்திரை நினைவுத் தேர்வில் சிறிய முன்னேற்றம் தந்தது. ஆனால் அது மூளையின் பெயரைச் சொல்லி விலை ஏற்றப்பட்ட மாத்திரை அன்று, வழக்கமான பல்வைட்டமின்தான்.

‘இது மருந்தல்ல, தீங்கு செய்யாது’ என்ற நம்பிக்கையும் களையப்பட வேண்டியது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ ஆஸ்பிரினோ எடுப்பவர் ஜிங்கோவையும் சேர்த்துக்கொண்டால் இரத்தக்கசிவு அபாயம் கூடலாம். பி6 வைட்டமினை மிகுந்த அளவில் நெடுநாள் உட்கொண்டால் நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கைகால் மரத்துப்போகும். என்னிடம் மருந்து வாங்க வந்தவர்களில் பலர், இத்தகைய மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் சொல்லவே இல்லை. மருந்துப் பட்டியலில் சேராத ஒன்றை எதற்குச் சொல்வது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆகவே, இனி இத்தகைய மாத்திரைகளைப் பற்றி எழுதும்போது, மாத்திரையில் உள்ள அளவு, ஆய்வில் கொடுக்கப்பட்ட அளவு, அந்த அளவுக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவு ஆகிய மூன்றையும் அருகருகே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்