ஆட்டத்திலிருந்து நீக்கலாம், மைதானத்திலிருந்துமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோஷ் கார்டனைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி அடுத்தடுத்து வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். கஞ்சாப் பழக்கத்தால் ஆட்ட வாழ்வின் சிறந்த ஆண்டுகளை இழந்த ஒருவரைப் பற்றி, அவர் ஆடும் ஆட்டத்தை நேரில் பார்த்தேயிராத நம் வட்டார வாசகர்கள் இவ்வளவு சூடாக எழுதியது சிலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் அமெரிக்காவில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் தயவால் அந்த முட்டை வடிவப் பந்தாட்டத்தையும் பார்க்கப் பழகிவிட்டார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் கார்டனின் பெயரைச் சொல்லித் தத்தம் ஊர்ப் பையன்களைப் பற்றியே எழுதினார்கள் என்பதுதான்.

கையில் வந்த செல்வத்தைப் புகையாக ஊதித் தள்ளியவருக்கு என்ன இரக்கம் என்று ஒரு சாரார் கேட்டிருக்கிறார்கள். அவர் ஆடிய கிளீவ்லாந்து நகரம் இருக்கும் ஒஹையோ மாநிலத்திலேயே 2023 நவம்பரில் வாக்காளர்கள் கஞ்சாவுக்கு அனுமதி அளித்துவிட்ட பிறகு, அன்று விதிக்கப்பட்ட தடை அநியாயம் அல்லவா என்று மற்றொரு சாரார் வாதிட்டிருக்கிறார்கள். இரு தரப்பாரும் பாதிக் கணக்கையே பார்த்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் அவருடைய திறமையைச் சொல்லிவிட வேண்டும். எறியப்படும் பந்தை ஓடிச் சென்று பிடிப்பது அவர் வேலை. 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் முதல் இரண்டு ஆட்டங்களை வேறொரு தடையால் இழந்தும், மீதியிருந்த 14 ஆட்டங்களிலேயே, பிடித்த பந்துகளால் அணியை முன்னேற்றிய தொலைவாக 1,646 கெஜம் சேர்த்து, அந்த ஆண்டு முழுத் தொடரிலும் முதலிடம் பிடித்தார். அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் 237, 261 என்று இருநூறு கெஜத்தைத் தாண்டினார். அந்தத் தொடரின் வரலாற்றில் அதற்கு முன் எவரும் அவ்வாறு செய்ததில்லை. அப்போது அவருக்கு வயது 22. அதுவும் வெற்றிக்கு ஏங்கிக் கிடந்த, ஆட்டத்துக்கு ஆட்டம் பந்து எறிபவரை மாற்றிக்கொண்டிருந்த ஓர் அணியில்.

அடுத்த ஆண்டு நடந்ததை, தடையை அநியாயம் என்று சொல்லும் வாசகர்கள்கூட முழுமையாகச் சொல்லவில்லை. சோதனைக்குத் தரப்படும் சிறுநீரை இரண்டு குப்பிகளில் பிரித்து வைப்பார்கள். கார்டனின் முதல் குப்பியில் கஞ்சாவின் போதைப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 16 நானோகிராம் என்று வந்தது. இரண்டாவது குப்பியில் 13.6 என்று வந்தது. அன்றைய வரம்பு 15. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இரண்டு குப்பிகளின் சராசரியைப் பார்த்தால் 14.8, வரம்புக்குக் கீழே. ஆனால் இரண்டாவது குப்பியில் அந்தப் பொருள் இருப்பது உறுதியானாலே போதும், அளவு பொருட்டன்று என்பது விதி. பிறர் விட்ட புகையைச் சுவாசித்ததால் வந்தது என்று அவர் தரப்பு வாதாடியும் பயனில்லை. ஓராண்டுத் தடை உறுதியானது. சில வாரங்களிலேயே, 2014 செப்டம்பரில், வரம்பை 35 ஆக உயர்த்தி அவருடைய தடையையும் 10 ஆட்டங்களாகக் குறைத்தார்கள். 2020இல் வரம்பு 150 ஆயிற்று. சோதனையில் சிக்கியதற்காக மட்டும் ஆட்டத்திலிருந்து நீக்குவதும் கைவிடப்பட்டது. 2024 டிசம்பரில் வரம்பு 350. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2013ஆம் ஆண்டிலேயே தன் வரம்பை 15இலிருந்து 150க்கு உயர்த்திவிட்டது. கஞ்சாவின் போதைப்பொருள் உடற்கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில் சிறுநீரில் கசிந்துகொண்டிருக்கும் என்பதால், ஆட்டத்தன்று போதையில் இருந்தவரை மட்டும் பிடிக்க வேண்டுமானால் வரம்பு உயரமாக இருந்தாக வேண்டும் என்பது அதற்கான நியாயம். அந்த நியாயத்தைப் பணம் கொழிக்கும் ஒரு தொழில்முறைத் தொடர் ஏற்றுக்கொள்வதற்குள் ஒரு வீரரின் 23ஆவது வயது போய்விட்டது.

ஆகவே அநியாயம் என்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்வது, வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு ஐந்தொகை முடிந்தது என்று பேரேட்டை மூடுவதைப் போன்றது. செட்டிநாட்டில் அதற்கு யாரும் ஒப்பமாட்டார்கள். 2015ஆம் ஆண்டு முழுவதும் அவர் தடைபட்டதற்குக் காரணம் கஞ்சா அன்று, மது. 2016இல் மீண்டும் ஆட வாய்ப்புக் கதவு திறந்த நேரத்தில் அவரே சிகிச்சை மையத்துக்குச் சென்றார். ஆடிய ஆட்டங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதோ ஒரு போதையுடனேயே இறங்கியதாக 2017இல் ஒரு பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார். 2018இல் நியூ இங்கிலாந்து அணிக்குப் போனார். டிசம்பரில் மனநலத்தைக் கவனிக்க வேண்டும் என்று விலகினார், உடனே காலவரையற்ற தடை வந்தது. அணி அடுத்த பிப்ரவரியில் கோப்பையை வென்றபோது அவர் களத்தில் இல்லை. 2019 டிசம்பரில் மறுபடியும் தடை, அம்முறை ஊக்கமருந்துக் குற்றச்சாட்டும் சேர்ந்து. வரம்பு 15 ஆக இருந்திருந்தாலும் 350 ஆக இருந்திருந்தாலும் இந்த மனிதருக்கு ஒரு நோய் இருந்தது. விதியின் அநியாயத்தைச் சுட்டிக்காட்டும் ஆர்வத்தில் அந்த நோயை இல்லையென்று ஆக்கிவிடக் கூடாது.

இரக்கம் எதற்கு என்று கேட்ட வாசகர்களுக்கு, அதே ஆட்டத்தில் பந்தைக் கையிலேந்தி ஓடும் வீரராக இருந்த ரிக்கி வில்லியம்ஸின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். 1999இல் அவர் ஒருவரைப் பெறுவதற்காக நியூ ஆர்லியன்ஸ் அணி அவ்வாண்டு புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கத் தனக்கிருந்த வாய்ப்புகள் அனைத்தையும் விட்டுக்கொடுத்தது. 2002இல் மயாமி அணிக்காக 1,853 கெஜம் ஓடி முதலிடம் பெற்றார். மனிதர்களைக் கண்டாலே பதறும் சமூகப் பதற்ற நோய் அவருக்கு இருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே செய்தியாளர்களிடம் பேசியவர் அவர். 2004இல் கஞ்சாச் சோதனையில் சிக்கி, பருவம் தொடங்கும் தறுவாயில் ஓய்வு என்று அறிவித்துப் போய்விட்டார். அணி 16 ஆட்டங்களில் 4 மட்டும் வென்றது. மயாமி ரசிகர்கள் கொதித்ததில் தவறு காண முடியாது. டிக்கெட் வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் அவர் திரும்பி வந்தார், 2006இல் பருவம் முழுவதும் தடைபட்டார், மறுபடியும் வந்தார், 32 வயதில் 2009ஆம் ஆண்டுப் பருவத்தில் 1,121 கெஜம் ஓடினார். மொத்தம் 10,009 கெஜத்துடன் ஓய்வு பெற்றார். 2004இல் ரசிகர்கள் சொன்ன தீர்ப்பே கடைசித் தீர்ப்பாக இருந்திருந்தால் அந்த 2009 இருந்திருக்காது.

நம்முடைய கால்பந்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. பிரான்சின் முதன்மைக் கோல்கீப்பராக இருந்த பெர்னார் லாமா 1997இல் கஞ்சாவுக்காகத் தடை பெற்றார். அதன்பின் அவர் இடத்தில் நின்றவர் ஃபேபியன் பார்த்தேஸ். ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பு அதே கஞ்சாவுக்காகத் தடை பெற்று மீண்டவர். 1998 உலகக் கோப்பையில் ஏழு ஆட்டங்களில் இரண்டே கோல்களை விட்டுக்கொடுத்து, தொடரின் சிறந்த கோல்கீப்பர் என்ற விருதையும் பெற்றவர் அந்தப் பார்த்தேஸ்தான். லாமா அதே அணியின் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் அமர்ந்திருந்தார். தடை சில மாதங்களோடு முடிந்ததால் இருவருமே திரும்பி வர முடிந்தது.

ரசிகர்கள் தண்டனையின் நியாய அநியாயத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். தண்டனைக் காலத்தில் அந்த வீரர் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பயிற்சிக்காக விடிகாலையில் எழுந்து, பயிற்சிக்காக அளவோடு உண்டு, மாலைப் பயிற்சிக்குப் பின் களைத்து உறங்கும் இளைஞனின் வாழ்வில் ஒழுங்கு என்று இருப்பதெல்லாம் அந்த ஆட்டம் கொடுத்ததே. அதை முழுவதுமாகப் பறித்து, ஓராண்டு சும்மா இரு, போதையைத் தொடாதே என்று சொல்லி அனுப்புவது நடக்கிற காரியமா? உலக முகமையின் 2021ஆம் ஆண்டு விதிகள் இதைக் கொஞ்சம் உணர்ந்திருக்கின்றன. போட்டிக் காலத்துக்கு வெளியே, ஆட்டத்திறனுக்குத் தொடர்பின்றிக் கஞ்சாவைப் பயன்படுத்தியவருக்கு மூன்று மாதத் தடை. ஏற்கப்பட்ட சிகிச்சையை முடித்தால் அது ஒரு மாதமாகக் குறையும். நீண்ட தடை பெற்றவர்கள்கூடத் தடையின் இறுதிப் பகுதியில் அணியுடன் பயிற்சிக்குத் திரும்பலாம். 2015இல் இங்கிலாந்தின் ஜேக் லிவர்மோர் கொக்கெய்ன் சோதனையில் சிக்கியபோது, பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த துயரத்தில் அவர் இருந்ததைக் கருதி அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தடையே விதிக்கவில்லை. 2017இல் அவர் தேசிய அணிக்குத் திரும்பினார். எல்லோருக்கும் அப்படி விட்டுவிட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விசாரிப்பவர்கள் காரணத்தைக் கேட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நம் ஊர். இங்கே சட்டம் ஒஹையோவின் சட்டம் அன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாவை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம், அது இருக்கவும் வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் நம் சுற்றுவட்டாரத்தில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடைபெறும் எழுவர் கால்பந்து ஆட்டங்களில் சிறுநீர்ச் சோதனையும் இல்லை, விதியும் இல்லை, விசாரணையும் இல்லை. எந்தப் பையன் பழக்கத்தில் விழுந்திருக்கிறான் என்பது அணிக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இறுதி ஆட்டமும் சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும் கைக்கு வரும்வரை அது மூடி மறைக்கப்படுகிறது. பொட்டலத்தோடு போலீசாரிடம் சிக்கிய மறுநாளோ, அதே அணியின் ஃபிளக்ஸிலிருந்து அவன் முகம் வெட்டி எடுக்கப்படுகிறது.

நான் அறிந்த ஓர் அணியில் வலது ஓரத்தில் ஆடிய ஒரு தம்பிக்கு இது நடந்தது. எந்த அணி, எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை. அவரை ஆட்டத்திலிருந்து நீக்கியதில் எனக்கு மறுப்பில்லை. மாலையில் மைதானத்தின் பக்கமே தலைகாட்டக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். மாலை ஐந்து மணிக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த ஒரே விடை, அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்த நண்பர்களின் கூட்டம். இப்போது அவர் வெளியூரில் வேலைக்குப் போகிறார். பந்தைத் தொடுவதில்லை என்று அவருடைய அண்ணன் சொன்னார். மற்றப் பையன்களும் கெட்டுவிடுவார்களே என்ற பெற்றோரின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி மைதானத்தில் நின்றவனுக்கு அந்த அச்சம் தெரியாதா? ஆனால் ஆசிரியரின் கண்முன்னே, சக வீரர்களின் நடுவே பயிற்சி செய்யும் பையனைவிட, கண்மறைவில் திரியும் பையனால்தான் மற்றவர்கள் கெடுவது அதிகம்.

ஆகவே போட்டி நடத்தும் குழுவினருக்கும் கல்லூரி உடற்கல்வித் துறையினருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: போட்டியில் ஆடத் தடை விதியுங்கள், பயிற்சிக்கு வரத் தடை விதிக்காதீர்கள், அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் காட்டிச் சிகிச்சையைத் தொடர்கிறார் என்ற சீட்டு இருந்தால் பயிற்சிக்கு வரலாம் என்று நிபந்தனை வையுங்கள். வழக்கு வந்துவிடுமோ என்று சிகிச்சைக்கே தயங்கும் குடும்பங்களுக்கு, அதே 1985 சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு ஏற்ற மையத்தில் சிகிச்சை பெற்றால், சிறிய அளவு தொடர்பான குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்குப் பெற அப்பிரிவு இடமளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் விலக்கும் போகக்கூடும். ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் இருக்கிறது. பரிசுக் கோப்பையின் உயரத்தை ஓர் அடி குறைத்து, அந்த எண்ணை மைதானச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கச் சொன்னால் எங்கள் பக்கத்து நிதியுதவியாளர்கள் மறுக்கமாட்டார்கள். கோப்பையில் பெயர் பொறிப்பதைப் போலவே சுவரிலும் அவர்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கஞ்சாவுடன் சிக்கும் உள்ளூர் விளையாட்டு வீரர்களின் செய்தியைப் போடும்போது, கோப்பையுடன் எடுத்த பழைய படத்தைத் தேடி எடுத்துப் போடுவதைத் தவிர்க்க வேண்டுகிறேன். விற்பவரைப் பற்றி எவ்வளவு பெரிய எழுத்திலும் போடுங்கள். பயன்படுத்தி மாட்டிக்கொண்ட பத்தொன்பது வயதுப் பையனுக்கு, அடுத்த ஆண்டு அதே மைதானத்துக்குள் நுழைய அந்தப் படம் தடையாக இருக்கும்.

மேலே குறிப்பிட்ட தம்பியை அடையாளம் காண இடம் கொடுக்கக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தேவகோட்டை வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.