இது மசாஜ் படிப்பா என்று கேட்டிருந்தாயே

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. நின்று நிதானமாகப் பதில் எழுத இன்றைக்குத்தான் வாய்த்தது. அத்தைக்கு முழங்கால் மாற்று அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. ஒன்று மட்டும் மறக்காதே: முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க விடாதே. அவர்களுக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுசாக நீளாமல் மடங்கியே நின்றுவிடும். குதிகாலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வை, போதும்.

இங்கே எல்லாரும் சுகம். அண்ணன் மகனுக்குத் தையில் கல்யாணம், பத்திரிகை தனியே வரும். கிளினிக்கை மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு மாற்றிவிட்டேன். மூட்டு வலியோடு வருகிறவர்களை இத்தனை வருஷம் படியேற வைத்தது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

இனி கயல் விஷயம். அவள் பி.பி.டி., அதாவது பிசியோதெரபி பட்டப்படிப்பில் சேரவேண்டும் என்கிறாள், சங்கரண்ணன் "மசாஜ் பண்ணவும் கரண்ட் வைக்கவும் இத்தனை வருஷம் படிக்கணுமா" என்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. இந்தத் தொழில் பிறந்ததே அந்தச் சந்தேகத்துக்கு நடுவில்தான். 1894-இல் லண்டனில் மசாஜ் என்ற பெயரில் வேறு தொழில் நடக்கிறது என்று பத்திரிகைகளில் பெரிய அமளி. நேர்மையாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த நர்ஸுகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். தேர்வு வைத்தார்கள், கட்டுப்பாடு விதித்தார்கள்: டாக்டர் சொல்லாமல் யாரையும் தொடக்கூடாது, பொதுஜனத்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது. பெயர் மீண்டது, 1920-இல் அரச சாசனமும் கிடைத்தது. ஆனால் மானத்தைக் காக்கக் கொடுத்த விலை சின்னதில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் நோயாளியைப் பார்க்கும் உரிமை ஆஸ்திரேலியாவில் 1976-லும் பிரிட்டனில் 1977-லும்தான் கைக்கு வந்தது. எண்பது வருஷத்துக்கு மேல் சொன்னதைச் செய்கிற கையாகவே இருந்திருக்கிறோம். அந்தப் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் இந்தப் படிப்பு என்ன படிப்பு என்று அண்ணனுக்குச் சொல்ல லண்டன் வரைக்கும் போக வேண்டாம், செங்கல்பட்டு போதும். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற சர்ஜன் வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்தார். 1947-இல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் கொக்கிபோல் மடங்கிக் கிடந்த ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையை வைத்து அழுத்தச் சொன்னார். அந்தப் பிடி அவருக்கு வலித்தது. செத்துப்போன கை என்று ஊரே ஒதுக்கிய கையில் அத்தனை பலம்! அப்படியென்றால் எந்தத் தசை போயிருக்கிறது, எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறித்தார்கள். முழங்கை அருகே நரம்பு கெட்டதால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் செயலிழந்திருந்தன. விரலை மடக்கும் முன்கைத் தசைகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. அந்த நல்ல தசை ஒன்றின் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் நாரை எடுத்து, பிரித்து, விரல்களுக்கு மாற்றித் தைத்தால் கை விரியும்.

இதுவரை சர்ஜன் வேலை. இனிமேல்தான் எங்கள் வேலை, வசந்தி. அறுவைக்கு முன்பே இறுகிப்போன விரல் மூட்டுகளை மெழுகு ஒத்தடமும் எண்ணெயும் மாவுக்கட்டுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்த வேண்டும். அறுவை முடிந்து மூன்று வாரம் போலக் கட்டு. கட்டைப் பிரித்ததும் கை தானாக வேலை செய்யாது. அந்தத் தசை பிறந்ததிலிருந்து விரலின் நடு மூட்டை மடக்கியே பழகியது. இப்போது அடி மூட்டை மடக்கி, விரலை நீட்ட வேண்டும். மூளைக்கு இந்த மாற்றம் தெரியாது. பழைய அசைவை நினைத்துக்கொண்டு இழுக்கச் சொல்லி, புது அசைவு வருவதை அவரே கண்ணால் பார்க்கச் செய்து, நாளுக்கு இத்தனை முறை என்று அளந்து பழக்க வேண்டும். அவசரப்பட்டால் தையல் தளர்ந்துவிடும், தாமதித்தால் நாண் ஒட்டிக்கொள்ளும். விரலுக்கு உணர்ச்சியும் கிடையாது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவருக்கே தெரியாது. மசாஜ் இதில் ஒரு ஓரத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது உடற்கூறு, நரம்பு, தழும்பு முற்றும் காலம், மூளை கற்கும் விதம், எல்லாவற்றையும்விட அளவு.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இந்தக் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்ததற்கு அவர்தான் காரணம். கயலுக்கு இவரைப் பற்றிக் கட்டாயம் சொல்.

அளவு என்றேனே, அதை எனக்குப் புரியவைத்தது ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு. குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தசைநாண் வலியால் ஓட முடியாத 15 பேர். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்குவது, ஒரு நாளைக்கு 180 முறை, 12 வாரம். வலித்தாலும் நிறுத்தாமல் செய்யச் சொன்னார். பதினைந்து பேரும் திரும்ப ஓடினார்கள். மெதுவாகக் கனமான எடை தூக்கினாலும் அதே பலன் என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. சும்மா வைத்திருந்தால் நாண் பலவீனமாகிறது, சரியான பளு கொடுத்தால் அதன் செல்கள் அதை உணர்ந்து புது நார் இழைக்கின்றன. நம் ஊரில் எல்லா வலிக்கும் "ரெஸ்ட் எடு" என்பதுதான் முதல் வார்த்தை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது.

கரண்ட் விஷயத்தில் அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. வலிக்கு ஒலி அலை வைக்கிற அல்ட்ராசவுண்ட் மெஷின் இல்லாத பிசியோ கிளினிக் நம் ஊரில் கிடையாது, என்னிடமும் இருந்தது. 2001-இல் ராபர்ட்சன், பேக்கர் என்ற இருவர் அதைப் பற்றி வந்திருந்த 35 ஆய்வுகளைச் சலித்தார்கள். முறையாகச் செய்யப்பட்டவை 10. அந்தப் பத்தில் இரண்டில் மட்டுமே போலிச் சிகிச்சையைவிடக் கூடுதல் பலன். நான் அதைப் படித்தது வெகு தாமதமாக. படித்த பிறகு முதுகு வலிக்கு மெஷின் வைப்பதை நிறுத்தினேன். "காசு வாங்கிட்டு மெஷின்கூட வைக்கல" என்று சொல்லிப் போனவர்கள் உண்டு. அந்த வருஷம் வருமானம் நன்றாகக் குறைந்தது. இப்போது முதல் நாள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறேன், குனிய வைக்கிறேன், தூக்க வைக்கிறேன், எண்களைக் குறிக்கிறேன். நான்கு வாரம் கழித்து அதே எண்களைக் காட்டும்போது அவர்களே மெஷினைக் கேட்பதில்லை.

இதைவிட என்னை உலுக்கியது ஒன்று உண்டு. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடமாட விடுகிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மெல்போர்னில் ஜூலி பெர்ன்ஹார்ட் என்ற பிசியோதெரபிஸ்டுக்கும் அதுதான் நம்பிக்கை. நம்புகிறோமே என்று விட்டுவிடாமல் சோதித்துப் பார்த்தார். ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகள். ஒரு பாதிப் பேரை முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, வழக்கத்தைவிட அதிகமாக உட்கார, நிற்க, நடக்க வைத்தார்கள். 2015-இல் முடிவு வந்தது: மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம், அதிகம் எழுப்பியவர்களில் 46 சதவீதம். நல்லது என்று நினைத்துச் செய்தது சிலருக்குக் கெடுதலாகியிருக்கிறது. முடிவை அப்படியே வெளியிட்டார். பிறகு அதே தகவலை அலசியதில், நீண்ட நேரம் நிற்க வைப்பதைவிட அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எழுப்புவது நல்லது என்று தெரிந்தது.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நாட்களில் முதல் நாளே எழுப்பி வெகுநேரம் நிற்க வைத்த முகங்கள் வந்து நின்றன. ஒருவருக்கும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் அளவு தெரியாமல் செய்தேன். மறுநாள் என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

நம் நாட்டிலும் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பக்கவாத நோயாளியின் வீட்டாருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். 2017-இல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் வித்தியாசமே இல்லை. படித்தபோது வருத்தமாக இருந்தது, கிராமத்துக்கு அதுதான் வழி என்று நானும் நம்பியிருந்தேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடிப் போகிற எங்கள் பிள்ளைகளைப் பார்க்கும்போது இப்போது மரியாதை கூடுகிறது. ஆனால் ஒருவருக்கு எத்தனை வீடு, ஒரு வீட்டுக்கு எத்தனை முறை என்பதையும் யாராவது அளந்து பார்க்க வேண்டும்.

பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா என்கிற சண்டையைப் பேப்பரில் பார்த்திருப்பாய். 2025 செப்டம்பரில் கூடாது என்று டெல்லியில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. நோயாளி என்னை "பிசியோம்மா" என்றுதான் கூப்பிடுகிறார், அதுவே போதும்.

கயலைப் பரீட்சை முடிந்ததும் ஒரு வாரம் இங்கே அனுப்பு. காலையில் என்னோடு உட்காரட்டும், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற நோயாளிகளிடமும் கூட்டிப் போகிறேன். நான் ஒன்றும் சொல்லமாட்டேன், அவளே பார்த்து முடிவு பண்ணட்டும். வருவதற்கு முன் ஒரு வேலை கொடு: அத்தை நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை எவ்வளவு மடக்க முடிகிறது என்று தினமும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்து, தேதி போட்டு வைக்கச் சொல். வரும்போது அதைக் கொண்டுவரட்டும், நாங்கள் இரண்டு பேருமாகக் கோணம் அளந்து பார்க்கிறோம்.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

உன்
செல்வி