பிரித்துப் போட்டவர்களுக்கும் நன்றி

காரைக்குடி

அன்புடையீர், வணக்கம்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்காக எங்கள் பின்னல் கூட்டம் இந்த ஆண்டு பின்னிய தொப்பிகளும் காலுறைகளும் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பெற்றுக்கொண்ட மருத்துவர்கள் நான்கு நல்ல வார்த்தை சொன்னார்கள். அந்தப் பாராட்டு ஊசி பிடித்தவர்களோடு நின்றுவிடுவது நியாயம் ஆகாது என்பதால், வெளியே தெரியாமல் உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன். "இதையெல்லாம் போய் எழுதணுமாக்கும்?" என்று அவர்களில் சிலர் கடிந்துகொள்வார்கள், கடிந்துகொள்ளட்டும்.

முதலில் கடைக்கார அண்ணனுக்கு நன்றி. வெயிலுக்குப் பேர்போன இந்த ஊரில் உல்லன் நூல் விற்றுப் பிழைக்க முடியுமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பேரப்பிள்ளைகள் குளிர் நாடுகளில் வளரும் வீடுகள் செட்டிநாட்டில் எத்தனை என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்வெட்டருக்கு நூல் தேடி வரும் ஆச்சிமார்களும், பனையோலைக் கூடையான கொட்டானுக்கு அழகு சேர்க்கக் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) நூல் தேடி வருபவர்களும் இருக்கும்வரை அந்தக் கடைக்குக் குறைவில்லை. ஆனால், எதுவும் வாங்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடம் கொடுக்கிற கடைக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வியாபாரம் மந்தமான பிற்பகல்களில் கடையின் பின்கட்டில் பாயை விரித்து, மின்விசிறியையும் போட்டுவிட்டு அவர் கல்லாவுக்குப் போய்விடுவார். நாங்கள் கேட்ட வெள்ளைப் பருத்தி நூலை ஒரே லாட் நம்பரில் (ஒரே தடவையில் தயாரானதாக) வரவழைத்ததும், பிரிக்காமல் மிஞ்சிய கண்டுகளை முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டதும் அவர்தான்.

பருத்தி நூல்தான் வேண்டும் என்று சொன்னவர், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் பணிசெய்து ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தைக்குத் தோலடியில் கொழுப்பு குறைவாக இருப்பதால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். பச்சிளங்குழந்தையின் உடற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலை என்பதால், அந்தச் சூட்டில் கணிசமான பகுதி தலைவழியாகப் போகிறது. 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிவைத்த கங்காரு பராமரிப்பு முறையில், குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி அணைத்துக் கட்டிவிடுவார்கள். அப்போது குழந்தையின் உடம்பில் இருப்பது இடுப்புத்துணி, தொப்பி, காலுறை மட்டுமே. இவற்றையெல்லாம் அக்கா எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். ஆட்டு ரோம நூல் சுடுநீரில் சுருங்கிப்போகும், அக்ரிலிக் நூல் வியர்வையை உறிஞ்சாது, பஞ்சு பறக்கும் நூல் குழந்தையின் மூக்குக்கு ஆகாது, பொத்தானும் ரிப்பனும் வேண்டவே வேண்டாம் என்று அவர் ஒவ்வொன்றாகத் தள்ளியபோது, குட்டிக் குட்டி மணிகளைக் கோத்துப் பின்னலாம் என்று ஆசையோடு வந்திருந்த சிலருக்கு முகம் வாடிப்போனது உண்மை.

அடுத்தவர், கல்லுக்கட்டிப் பக்கத்தில் இருந்து வரும் ஆச்சி. கூட்டத்தில் மூத்தவரும் அவர்தான், கண்டிப்பானவரும் அவர்தான். குழந்தையின் தலையில் நிற்க வேண்டிய தொப்பிக்கு உயிர்நாடி அதன் விளிம்பு. பருத்தி நூலுக்கு இழுவை குறைவு என்பதால், விளிம்பின் ரிப்பை, அதாவது இழுத்தால் விரிந்து சுருங்கும் வரிப்பின்னலை, மெல்லிய பன்னிரண்டாம் எண் ஊசியில் இறுக்கமாகப் போட்டுக்கொண்டு, மேலே சற்றுத் தடித்த பத்தாம் எண் ஊசிக்கு மாற வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தவர் அவர். (அந்த ஊசிகள் நம் நீலகிரியில் தயாராகும் போனி ஊசிகள் என்பது எங்களில் பலருக்கு இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் தெரியும்.) முடிந்த தொப்பி ஒவ்வொன்றையும் ஆச்சி தம் கைமுட்டியில் மாட்டி, கட்டைவிரலால் விளிம்பை ஓர் இழு இழுத்து விடுவார். விட்டவுடன் அது சுருங்கி மணிக்கட்டைப் பிடித்தால் தேறியது. பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி, சுண்டுவிரலைத் தையல் நெடுகிலும் ஓட்டிப் பார்ப்பார். காலுறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நூல் குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுக்கிவிட்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகும் என்பதால், விரலில் ஏதாவது தட்டினால் விடமாட்டார். "பிரிச்சுப் போடு ஆத்தா" என்று தயங்காமல் சொல்லிவிடுவார். அந்தச் சொல்லுக்காகத்தான் அவருக்கு எங்கள் நன்றி. இனாமாகக் கொடுக்கும் பொருள்தானே என்று கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. ஆச்சியிடம் அது நடக்கவில்லை.

அவர் பிரிக்கச் சொன்னதை உட்கார்ந்து பிரித்தவர்கள், விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரிப் பெண்கள். பிரித்த நூல் நெளிந்து நெளிந்து கிடக்கும். அப்படியே எடுத்து மறுபடி பின்னினால் கண்ணிகள் ஒரே அளவில் விழமாட்டா. அதை நாற்காலியின் சாய்மானத்தில் சுற்றி, சிக்காமல் இருக்க நான்கு இடத்தில் கட்டி, தண்ணீரில் நனைத்து நிழலில் தொங்கவிட்டால்தான் நெளிவு எடுபடும். ஒரு தொப்பிகூடத் தங்கள் பெயரில் கணக்கில் ஏறாத இந்த வேலையைத் தேர்வுக் காலத்திலும் விடாமல் செய்த அந்தப் பிள்ளைகள், இப்போது எங்களில் பாதிப்பேரைவிட நன்றாகப் பின்னுகிறார்கள்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை நெய்யும் குடும்பம் ஒன்று, தறியில் மிஞ்சிய அரக்கு, கடுகு நிற நூலைக் கொடுத்தது. சாயம் ஏறிய நூல் குழந்தையின் தோலில் பட வேண்டாம் என்று தொப்பிக்கு அதைச் சேர்க்கவில்லை. பல இழைகளை ஒன்றாக முறுக்கி, அளவுவாரியாகப் பிரித்த கட்டுகளுக்கு அடையாளக் கயிறாகக் கட்டினோம்: சிறியதற்கு அரக்கு, பெரியதற்குக் கடுகு. கட்டுகளை அடுக்கிக் கொண்டுபோகப் பனையோலைக் கொட்டான்களைத் தந்தவர்கள், எல்லாவற்றையும் வாசனைப் பொடி சேர்க்காமல் துவைத்து வெயிலில் உலர்த்தியவர்கள், வாடகை வாங்க மறுத்த ஆட்டோத் தம்பி ஆகிய அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

மிஞ்சிய வெள்ளை நூல் கடையில் தனிப்பெட்டியில் இருக்கிறது. அடுத்த முறை சேர்ந்து பின்ன விரும்புகிறவர்கள் அண்ணனிடம் கேட்டால் அளவுத்தாளும் நூலும் தருவார். ஊசியை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள். ஆச்சி தம் ஊசியை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

இங்ஙனம்,
பின்னல் கூட்டத்தார் சார்பில்