படிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை: ஒரே வழக்கில் நாங்கள் நின்ற வருடம்

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் சர்வதேச மனித உரிமைச் சட்டத்தைப் பற்றி ஒரு உறுப்பினர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "அரசாங்கத்தைப் பிடிக்கப் போலீசும் இல்லை, அடைக்கச் சிறையும் இல்லை, அப்புறம் இதற்குப் பேர் சட்டமா?" அன்று யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்த வருடம் படித்த பலவற்றுக்கும் அந்தக் கேள்விதான் காரணம்.

முதலில் 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம். 48 நாடுகள் ஆதரவு, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. முதல் பிரிவில் "ஆண்கள் எல்லோரும்" என்றும் படிக்க இடம் தந்த தொடரை "மனிதர் எல்லோரும்" என்று மாற்ற வாதாடியவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா என்று தெரிந்த அன்று வாசிப்பு அங்கேயே நின்றுவிட்டது. நேரம் போய்விட்டது என்று சிலர் வருத்தப்பட்டார்கள், ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் தகும் என்பது என் எண்ணம்.

பிரகடனம் ஒப்பந்தம் அல்ல. நாடுகளைக் கட்டுப்படுத்தும் இரண்டு உடன்படிக்கைகள் (ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கு, மற்றது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு) 1966-இல் எழுதப்பட்டு 1976-இல்தான் நடைமுறைக்கு வந்தன. கையெழுத்து வேறு, அதற்குப் பின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதாக நாடு முறைப்படி உறுதி செய்யும் ஏற்புறுதி வேறு என்பதும் அப்போதுதான் பலருக்குப் புரிந்தது: குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தில் 1995-இல் கையெழுத்திட்ட அமெரிக்கா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை, சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியாவும் அப்படியே.

இன்னொரு குழப்பமும் தீர்ந்தது. ஐ.நா.வின் மனித உரிமை அமைப்புகள் எல்லாவற்றையும் "ஜெனீவா" என்று ஒரே சொல்லில் சொல்லிப் பழகிவிட்டோம். மனித உரிமைகள் பேரவையில் இருப்பவை 47 நாடுகளின் அரசுகள், அங்கே அரசியல் இருக்கத்தான் செய்யும். குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழுவில் இருப்பவர்கள் 18 தனி வல்லுநர்கள். அந்த உடன்படிக்கையின் துணை ஒப்பந்தமான விருப்ப நெறிமுறையை ஏற்ற நாட்டின் மீது தனி மனிதர் முறையிடுவது இந்தக் குழுவிடம்தான், அதுவும் உள்நாட்டில் உள்ள வழிகளையெல்லாம் முயன்று பார்த்த பிறகு.

அப்படி ஒரு முறையீட்டைத்தான் வருடத்தின் பெரும்பகுதி எடுத்துக்கொண்டோம். கனடாவின் பூர்வகுடிப் பெண் சாண்ட்ரா லவ்லேஸ், 1970-இல் பூர்வகுடி அல்லாத ஒருவரை மணந்ததால் அந்நாட்டுச் சட்டப்படி தன் பூர்வகுடித் தகுதியை இழந்தார். ஆண் அப்படி மணந்தால் எதையும் இழக்க மாட்டான். மணமுறிவுக்குப் பின் பிறந்த மண்ணுக்குத் திரும்பியபோது அங்கே வாழச் சட்டப்படி உரிமை இல்லை. இதே சட்டப் பிரிவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1973-இல் வேறொரு வழக்கில் ஏற்கெனவே சரி என்று சொல்லியிருந்ததால், அவர் மறுபடி அங்கே போய்த் தோற்க வேண்டியதில்லை என்று குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் திருமணம் நடந்தது 1970-இல், உடன்படிக்கை கனடாவைக் கட்டுப்படுத்தியது 1976-இலிருந்து, அப்போது பழைய இழப்பை எப்படி விசாரிப்பது? இந்த இடத்தில் எங்களுக்குள் இரண்டு கூட்டங்கள் வாக்குவாதம் நடந்தது. குழு கண்ட வழி: இழப்பு பழையது, ஆனால் தன் மக்களோடு சேர்ந்து தன் பண்பாட்டில் வாழ முடியாத நிலை இன்றும் தொடர்கிறது, ஆகவே சிறுபான்மையினரின் பண்பாட்டு உரிமையைச் சொல்லும் உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு மீறப்பட்டிருக்கிறது. முடிவு வந்தது 1981-இல், சட்டம் திருத்தப்பட்டது 1985-இல். முடிவு வருவதற்கு முன்பே 1979-இல் பூர்வகுடிப் பெண்கள் தலைநகர் ஒட்டாவாவுக்கு நடைப்பயணமே போனார்கள். அந்தத் திருத்தத்திலும் குறைகள் இருந்ததால் போராட்டம் பிறகும் நீண்டது.

குழுவின் முடிவு நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்றப்படுவதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் கடிதத்துக்கு ஓர் அரசு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அந்தப் பதில் போதாது என்று வெளியிலிருந்து ஒரு முடிவு வந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் போராடினார்கள். என்னைப் பொறுத்தவரை இது சட்டம்தான். கேள்வி கேட்ட உறுப்பினர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, அவர் சொல்லும் நான்கு வருடத் தாமதம் எனக்கும் உறுத்துகிறது.

நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாத உரிமைகளுக்கு (சித்திரவதைக்கு ஆளாகாமை, அடிமைப்படாமை, மனச்சான்று) ஒரே ஒரு அமர்வுதான் கிடைத்தது. போதவில்லை.

'ஏற்புறுதி'யா 'பின்னேற்பு'வா என்ற சொல் விவாதம் முடியவில்லை, இந்த அறிக்கையில் முதல் சொல்லை எழுதியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் படிப்புத் தாள்களைத் தாமதமாகக் கொடுத்தது என் தவறு, மன்னிக்கவும். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார்.

வரும் வருடம் மற்றொரு 1966 உடன்படிக்கை: உணவு, வீடு, வேலை, கல்வி. அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் தம் நாடு எந்தெந்த ஒப்பந்தங்களை ஏற்புறுதி செய்திருக்கிறது, தனி மனிதர் முறையிடும் வழியைத் திறந்திருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். அறிக்கையை ஏற்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்