பேயோட்டும் காட்சி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பேய்ப்படம் எழுதுகிற, இயக்குகிற நண்பர்களுக்கு,

வணக்கம். கடைசி இருபது நிமிடத்தில் ஒரு ஃபாதர் வருவார். கையில் சிலுவை, வாயில் லத்தீன் மாதிரி ஏதோ ஒன்று. பேய் அவரைத் தூக்கிச் சுவரில் அடிக்கும். அவர் இன்னும் உரக்கக் கத்துவார். பேய்ப்படமே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அலகை, அதாவது சாத்தான், உண்டு என்று நம்புகிற கத்தோலிக்கர்கள்தான் நாங்கள். அந்தச் சடங்கில் உண்மையில் நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்பதுதான் கோரிக்கை.

முதலில், யார் செய்யலாம்? திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் பிரிவின்படி ஆயரின் (பிஷப்பின்) வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேய் பிடித்தவர்மேல் இந்தச் சடங்கை நடத்த முடியாது. பக்தி, அறிவு, விவேகம், நேர்மையான வாழ்வு உள்ள குருவுக்கு மட்டுமே அந்த அனுமதி. ஃபாதர் விழுந்ததும் கதாநாயகன் சிலுவையை எடுத்துக்கொண்டு முழங்குகிறானே, அதற்கு விவிலியத்திலேயே பதில் இருக்கிறது. திருத்தூதர் பணிகள் 19-இல் ஸ்கேவாவின் ஏழு மகன்கள் அப்படித்தான் இயேசுவின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறார்கள். இயேசுவைத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார் என்று கேட்கிறது தீய ஆவி. அடிபட்டு, உடுதுணி இல்லாமல் ஓடுகிறார்கள்.

அடுத்தது வசனம். 1614-இல் ரோமில் வெளியான சடங்கு நூலின் முதல் எச்சரிக்கையே, ஒருவருக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சுலபத்தில் நம்பிவிடாதே என்பதுதான். பேயோடு வளவளவென்று பேசாதே, ஆவலுக்காகக் கேள்வி கேட்காதே என்கிறது அது. பெயர், எண்ணிக்கை, நுழைந்த நேரம், காரணம்: இவ்வளவுதான் கேட்கலாம். மருந்து சொல்லாதே, அது வைத்தியர் வேலை என்றும் எழுதியிருக்கிறது. உங்கள் பேய்களோ முழு ஃப்ளாஷ்பேக்கையும் ஃபாதரிடம்தான் சொல்கின்றன.

திருத்திய சடங்கு 1999-இல் வந்தது. தீர்த்தம் தெளித்தல், புனிதர்களின் மன்றாட்டுமாலை, திருப்பாடல், நற்செய்தி, தலைமேல் கை வைத்தல், விசுவாச அறிக்கை அல்லது அலகையை விட்டுவிடுவதாகச் சொல்லும் திருமுழுக்கு வாக்குறுதி, கர்த்தர் கற்பித்த செபம், சிலுவையைக் காட்டுதல் என்று அது போகும். அதற்குப் பிறகுதான் பேயோட்டும் செபம். அதில் இரண்டு வகை. ஒன்று கடவுளிடம் மன்றாடுவது, மற்றொன்று அலகைக்குக் கட்டளையிடுவது. மன்றாட்டைத் தனியாகச் சொல்லலாம். மன்றாட்டு இல்லாமல் கட்டளையைச் சொல்லக் கூடாது. குருவின் முகம் பெரும்பாலும் கடவுளை நோக்கியே இருக்கிறது. கேமராவை எங்கே வைப்பது என்பதே இதனால் மாறிவிடும்.

திரையில் அது இரண்டு சம பலசாலிகளின் குஸ்தி ஆகிவிடுகிறது. 1215-இல் திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் லாத்தரன் சங்கம் சொன்னது வேறு: பேய்களும் கடவுள் நல்லவையாகப் படைத்தவை, தாமாகவே கெட்டுப்போனவை. படைப்புக்கும் படைத்தவருக்கும் ஏது மல்யுத்தம்?

தலைகீழ்ச் சிலுவையையும் விட்டுவிடுங்கள். அது இயேசுவின் சீடர் பேதுருவின் சிலுவை. தலைகீழாக அறையப்பட்டு அவர் இறந்தார் என்பது மரபு. 2000-இல் இஸ்ரயேலுக்குப் போன போப் இரண்டாம் ஜான் பால் உட்கார்ந்த நாற்காலியிலேயே அது இருந்தது. படம் பார்த்துப் பழகியவர்கள்தான் அதைச் சாத்தானின் அடையாளம் என்றார்கள்.

'தி எக்ஸார்சிஸ்ட்' 1973-இல் வந்தது. அதிலிருந்து கழுத்துத் திரும்புவதையும் பச்சை வாந்தியையும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பேய் பிடித்த அந்தச் சிறுமியை முதலில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொண்டுபோகிறார்களே, அதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவள் கழுத்தில் ஊசி இறங்கும் காட்சியோடு ஒப்பிட்டால் பேய்க் காட்சிகள் எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அதை விட்டுவிடுவதில் ஆபத்தும் இருக்கிறது. ஜெர்மனியில் அன்னலீசே மிக்கேல் என்ற மாணவிக்கு வலிப்புக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஆயர் அனுமதி தந்தார்; சுமார் பத்து மாதங்களில் 67 முறை சடங்கு நடந்தது. அவர் சாப்பிடுவதை நிறுத்தினார், யாரும் வைத்தியரைக் கூப்பிடவில்லை. 1976 ஜூலை 1 அன்று 23 வயதில் இறந்தபோது எடை சுமார் 30 கிலோ. பெற்றோரும் இரண்டு குருக்களும் குற்றவாளிகள் என்று 1978-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதிக் கடிதம் சரியாக இருந்தும் ஒரு பெண் பட்டினியில் செத்தாள். வலிப்பு வந்த பெண்ணை உங்கள் படம் கட்டிலில் கட்டிப்போடும்போது, அதே நோயுள்ள பிள்ளையின் அம்மாவும் தியேட்டரில் இருப்பாள். மருத்துவர்களைக் கலந்து பார்க்க வேண்டும், ஊடகத்தை உள்ளே விடக் கூடாது என்று 1999 நூல் சொல்கிறது.

பயம் வேண்டும் என்றால் மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். பேய் பிடித்த ஒருவன் வருகிறான். கல்லறைகளில் குடியிருந்தவன், சங்கிலியை அறுத்தவன், கல்லால் தன்னையே கீறிக்கொண்டவன். இலேகியோன் என்ற பேய்க்கூட்டம் அவனைவிட்டு வெளியேறிப் பன்றிகளுக்குள் புக, ஏறக்குறைய 2000 பன்றிகள் கடலில் விழுந்து மூழ்குகின்றன. அதுவரை ஊர்க்காரர்கள் பயந்ததாக மாற்கு எழுதவில்லை. பிறகு வந்து பார்க்கிறார்கள். அவன் உடுத்தி, தெளிந்த புத்தியோடு சும்மா உட்கார்ந்திருக்கிறான். அப்போதுதான் அவர்களுக்குப் பயம் வருகிறது. இயேசுவை ஊரைவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அந்த உட்கார்ந்திருக்கும் மனிதனை யாராவது ஒருவர் எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களை முதல் நாளே பார்க்கும் சில கத்தோலிக்கர்கள்