மூன்றாவது திட்டம் இருக்கட்டும், இரண்டாவதன் கணக்கு எங்கே?

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும அதிகாரிகளுக்கும் மூன்றாவது பெருந்திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கும் வல்லுநர்களுக்கும் வணக்கம்.

எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வகுத்து, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது பெருந்திட்டத்துக்கு 2026 வரைதான் ஆயுள். அடுத்த இருபது ஆண்டுக்கு நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று மக்களிடம் கருத்து கேட்டீர்கள். பூங்கா வேண்டும், மெட்ரோ வேண்டும், மழைநீர் தேங்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள், யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நான் கேட்பது அது இல்லை. போன திட்டம் என்ன ஆனது என்று ஒரு கணக்கு கொடுங்கள், அப்புறம் புதியதைப் பேசலாம்.

ஏன் கேட்கிறேன் என்றால், காகிதத்தில் இரண்டாவது திட்டம் ஒன்றும் மோசமில்லை. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியைத் தனியாகக் காட்டியது, தென்சென்னைக் கடற்கரையோர மணல்பகுதியை நிலத்தடி நீர் சேரும் இடம் என்று பிரித்து வைத்தது, விவசாய நிலத்துக்குத் தனி நிறம், திறந்தவெளிக்குத் தனி நிறம். சரி, அந்த நிறங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா? செய்தித்தாளின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே, பொடி எழுத்தில் ஒரு விளம்பரம் வரும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், விவசாயப் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக மாற்ற மனு வந்துள்ளது, ஆட்சேபனை இருந்தால் தெரிவிக்கவும். தன் வீட்டு சர்வே எண்ணையே பத்திரத்தை எடுத்துப் பார்த்துச் சொல்பவர்கள் நாங்கள், பக்கத்து வயலின் எண்ணைப் பார்த்து எங்கே ஆட்சேபிப்பது? இப்படி ஒவ்வொரு துண்டாகக் கொடுத்த நில உபயோக மாற்றங்களை எல்லாம் ஒரே வரைபடத்தில் சேர்த்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. போட்டுக் காட்டுங்கள். 2008 வரைபடம் ஒரு பக்கம், இன்றைய வரைபடம் ஒரு பக்கம், நடுவில் மாறிய சர்வே எண்கள், மாற்றிய தேதி, சொன்ன காரணம். இது உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது, புதிதாக எந்த ஆய்வும் தேவையில்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்புறநகரில் ஏரி ஏரியாக நிரம்பி, கலங்கல் எனும் உபரிநீர் வழியைத் தாண்டி வழியும் தண்ணீர் அந்தச் சதுப்பில் வந்து நின்று, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போக வேண்டும். அந்த வழியில் குப்பைக் கிடங்கு வைத்தது யார், ரயில் நிலையம் கட்டியது யார், நகருக்குள் குடிசையில் இருந்தவர்களைக் கொண்டுபோய் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடிவைத்தது யார்? தனியார் ஆக்கிரமிப்பு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது, அரசுத் துறைகளும் அதில் பங்காளி. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் படகு விட வேண்டியிருந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் அந்தச் சதுப்புக்குக் கிடைத்ததோ 2022-இல்தான். 2025-இல் பசுமைத் தீர்ப்பாயம் அந்த எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதி கொடுக்காதீர்கள் என்று நிறுத்திவைத்ததும், கடன் வாங்கி முன்பணம் கட்டியவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எது சதுப்பு, எது கரை என்று சர்வே எண் வாரியாக 2008-லேயே அறுதியிட்டு எழுதியிருந்தால் சதுப்பும் தப்பித்திருக்கும், அவர்கள் பணமும் தப்பித்திருக்கும்.

அடுத்தது குழாய். ஓ.எம்.ஆர். எனும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு முதலில் ஆறுவழிச் சாலை வந்தது, டோல் வந்தது, கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பின்னால் வரும் என்றார்கள். எங்கள் அடுக்குமாடியில் வீடு விற்றவரும் அதையேதான் சொன்னார். இன்றைக்கும் எங்கள் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் பாதியைத் தண்ணி லாரிதான் குடிக்கிறது, கோடையில் லாரிக்காரர் போனை எடுத்தாலே பெரிய விஷயம். இந்த நிலையில் 2019-இல் பொதுக் கட்டட விதிகளை மாற்றி, மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை, சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5-லிருந்து 2 ஆக்கினீர்கள், உயர்மாடிகளுக்கு 3.25. அதே 2019 ஜூனில்தான் ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோடு தெருவில் நின்றது. மாடி ஏறலாம், தப்பில்லை, நகரம் பக்கவாட்டில் பரவிக்கொண்டே போவதைவிட அது நல்லதுதான். ஆனால் எந்தத் தெருவில் குழாயும் சாக்கடையும் தாங்குமோ அங்கே ஏற விடுங்கள்.

உங்களால் முடியாது என்று சொல்லவில்லை. கொத்தவால்சாவடிக் காய்கறிச் சந்தை நெரிசலைக் கோயம்பேட்டுக்கு நகர்த்தியது உங்கள் குழுமம்தான், 1996-இல் சந்தை திறந்தது, இன்றைக்கு அது இல்லாத சென்னையை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதே குழுமம்தான் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தையும் திறந்தது, மின்சார ரயில் பாதை கண்ணெதிரில் ஓடுகிறது, ஆனால் திறந்தபோது இறங்க ஒரு நிலையம் இல்லை. பெட்டி, படுக்கை, குழந்தையோடு ஜி.எஸ்.டி. சாலையில் நின்றவர்களுக்குத் தெரியும் அந்த அருமை.

இப்போது 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரை 5,904 ஆக்கிவிட்டீர்கள், அரக்கோணம் வரை உங்கள் கையில். செங்கல்பட்டுப் பக்கத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். அங்கே இன்னும் கலங்கல் இருக்கிறது, வரத்துக் கால்வாய் இருக்கிறது, மதகு திறக்கிற ஆளும் இருக்கிறார். ஏரியைச் சுருக்கி வீடு கட்டி வேளச்சேரியில் செய்ததை அங்கே செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது, செய்யாமல் இருக்கவும் இருக்கிறது. ஒவ்வொரு ஏரியின் வரத்தையும் போக்கையும் முதலில் வரைந்து, அந்த சர்வே எண்களில் நில உபயோக மாற்றமே கிடையாது, மனுவே வாங்க மாட்டோம் என்று திட்டத்திலேயே எழுதுங்கள். விதி மீறிய கட்டடங்களை அபராதம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று 1999-இல் கொண்டுவந்த சலுகையை அப்புறம் வருடா வருடம் நீட்டி, கடைசியில் 2006-இல் உயர் நீதிமன்றம் வந்து நீட்டிப்புகளை ரத்து செய்ய வேண்டியிருந்தது. எதையும் நீட்ட முடியாதபடி எழுதுங்கள் என்று அதனால்தான் சொல்கிறேன்.

அப்புறம், வரைவு தமிழில் முழுதாக வர வேண்டும், பத்துப் பக்கச் சுருக்கமாக இல்லை. உங்கள் எழும்பூர் அலுவலகக் கட்டடத்துக்கே, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்நீத்த தாளமுத்து, நடராசன் பெயர்தான் வைத்திருக்கிறது. அந்தந்தக் கிராமத்து வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், எது ஏரி எது களம் என்று ஊர்க்காரர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தை மட்டும் வேலைநாள் காலையில் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், 2008 கணக்கோடு வாருங்கள், நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
தென்புறநகரில் தண்ணி லாரிக்குக் காத்திருக்கும் ஒருவன்